எந்தப் பொட்டு?

போன வாரம் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என் லேப்டாப் நத்தையாகிவிட்டது; ரேம் கூட்டினால் ஓடும் என்றார்கள். பழைய டெஸ்க்டாப்பில் கழற்றிய ரேம் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதையே மாட்டிவிடச் சொன்னேன்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். டெஸ்க்டாப் ரேம் நீளம். லேப்டாப் ரேம் அதில் பாதிதான். அளவு பொருந்தினாலும் டிடிஆர் மூன்றா, நான்கா என்று தலைமுறை பொருந்த வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில்.

"தப்பா போடவே முடியாது அங்கிள். உள்ளயே போகாது."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. தப்பாகப் போட முடிந்த காலத்தில்... நான் போட்டிருக்கிறேன்.

எண்பதுகளில் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியின் ஈப்போ ஆபீசில் நான் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்ட ஒன்பது சிப் வந்தது. அப்போதெல்லாம் பட்டையாக வராது. பூரான் மாதிரி கால் முளைத்த தனித்தனி சிப். திருப்பிப் போட்டாலும் அழகாக உட்கார்ந்துகொள்ளும்!

அன்று சரஸ்வதி பூஜை. விடுவோமா? ஒன்பதுக்கும் குங்குமப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

மாட்ட வேண்டியவன் மணியம். புந்தோங்கில் குடியிருந்தான், அப்பா அம்மா ஆயர் தாவார் பக்கம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். ஒரு சீனரின் கம்ப்யூட்டர் கடையில் அப்போதுதான் சேர்ந்திருந்தான், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. மறுநாள் வருவதாகச் சொன்னான். எனக்குப் பொறுக்குமா? போனிலேயே வழி கேட்டேன்.

"நாளைக்கு நானே வாரேன்லா அண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தான். விடவில்லை. "சரிண்ணே. சிப்புல ஒரு முனையில பொட்டு இருக்கும். பொட்டு மேல பாத்தமாரி வெச்சு அமுக்குங்க."

அவன் சொன்னது, கம்பெனிக்காரன் கடுகளவு போட்டிருந்த குழியை. நான் பார்த்தது என் குங்குமத்தை. அதைத்தான் கைக்கு வந்த முனையில் வைத்திருந்தேனே! ஸ்விட்ச் போட்டேன். புகை.

மறுநாள் மணியத்தோடு அவன் முதலாளியும் வந்தார். யார் மாட்டியது என்று மலாயில் கேட்டார். உங்கள் ஆள் சொன்னபடியே மாட்டினேன் என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பாருங்கள்.

மணியம் கருகிய சிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். மெதுவாக, தமிழில், என்னிடம் மட்டும் சொன்னான்: "நான் சொன்ன பொட்டு இது இல்லண்ணே."

என்ன சொல்கிறான் என்று முதலாளி என்னைக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கிறான் என்றேன்.

மணியத்துக்கு மலாய் தெரியும். என்னைப் பார்த்தான். மறுத்துப் பேசவில்லை; நான் கஸ்டமர், அதோடு அண்ணன். அடுத்த வாரம் கடையிலிருந்து வேறு ஆள் வந்தான். மணியத்தை நிறுத்திவிட்டார்களாம். புந்தோங் எனக்குச் சைக்கிள் தூரம். ஒரு நாளும் போகவில்லை.

மணியம், நீ எங்கிருந்தாலும்... மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான். அன்று 'சிலாப் சாயா', தப்பு என்னுடையது என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும்.

பள்ளியில் மலாய்ப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான்!