எஸ்டேட் ஷெட்டில் நின்ற பச்சை வண்டி

இந்த முறை லீவுக்கு வந்தபோது சின்னவள் கேட்டாள், பெரியப்பா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று. மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். மழை பெய்துகொண்டிருக்கும்போது எந்தக் கொடிக்குத் தண்ணீர் என்று பெரியவள் நினைத்திருப்பாள். என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. நான்தான் ஏதோ சண்டை போட்டு அவரை வரவிடாமல் செய்துவிட்டேன் என்று எண்ணுகிறாள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பாதியில் நின்றுவிடும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் எழுத வரும். அதனால் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர் நமக்குச் சொந்தம் இல்லை. ஒண்டிக்கடை ஜங்ஷனில் தண்ணி மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன். சின்னவளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். எங்களை ஒன்று சேர்த்தது கோயில் இல்லை, வண்டி. அவரிடமும் என்னிடமும் ஒரே மாதிரி வண்டி இருந்தது.

அந்த வண்டியைக் கம்பெனி செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பெரிய ஜீப் வைத்திருக்கிறவர்கள் அதைச் சோப்பு டப்பா என்பார்கள். ஏசி கிடையாது. பின்னால் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். வைப்பர் தன் இஷ்டத்துக்கு ஆடும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும், எடையும் குறைவு. பெரிய வண்டிகள் தங்கள் எடையாலேயே சேற்றில் புதைந்து நிற்கிற இடத்தில் இது ஆட்டுக்குட்டி மாதிரி மேலே போய்விடும். செம்மநத்தத்தில் தார் ரோடு முடிந்த பிறகு நம் வீடு வரைக்கும் இருக்கிற மூன்று கிலோமீட்டர் மண் பாதையில், மழைக் காலத்தில் அது ஒன்றுதான் ஏறி இறங்கியது. ஜூன் பிறந்தால் பாதையின் இரண்டு பக்கமும் காப்பிச் செடிக்குள் காட்டெருமை நிற்கும். அந்த வழியில் உங்களை நடக்க விட்டு நான் தோட்டத்தில் வேலை பார்க்க முடியாது. அதனால்தான் தினமும் வண்டியில் கொண்டுபோய் ஸ்கூல் வேன் ஏற்றிவிட்டு, சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டி வந்தேன். மேடு ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினதும் நீங்கள் இருவரும் குதித்து இறங்கி, ஆளுக்கொரு முன் சக்கரத்தில் இருக்கிற திருகைத் திருகுவீர்கள். அது திருகினால்தான் முன் சக்கரமும் இழுக்கும். யார் முதலில் முடித்தது என்று தினம் ஒரு சண்டை.

எங்கள் மலையில் இந்த வண்டி வைத்திருந்த இன்னொருவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ரைட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று வண்டிகளும் ஒண்டிக்கடையில் வரிசையாக நிற்கும். நாங்கள் டீ குடித்துக்கொண்டு அந்த வண்டியைப் பற்றியே பேசுவோம். அண்ணன், கண்ணை மூடிக்கொண்டே இதன் எந்த போல்ட்டையும் கழற்றுவேன் என்பார். ரைட்டருக்குப் பிடித்தது அதன் சத்தம்.

"ஓட்டும்போது பொண்டாட்டி என்ன சொல்றான்னே கேக்காதுங்க. இந்த வசதி எந்த வண்டியில இருக்குது?"

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பிள்ளைகள் நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போகிறார்கள் என்பேன். அது வண்டியைப் பற்றின அபிப்பிராயமா என்று இருவரும் சிரிப்பார்கள்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சனி ஞாயிறு பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் இப்படிப்பட்ட பழைய வண்டிகளைத் தேடி வாங்கி, பெரிய டயர் மாட்டி, படம் எடுத்துப் போடுவார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் மலையில் மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு வண்டியும் போய்விடும், பிறகு எங்களுக்கு ஒரு ஸ்பேர் கூடக் கிடைக்காது. ஆகவே வெளியாள் யார் வந்து கேட்டாலும் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லக் கூடாது. இது அண்ணன் போட்ட திட்டம். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். அடியில் வண்டியைத் தாங்குகிற சேசிஸ் உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அப்புறம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதில் போகலாமா என்று கேட்க வேண்டும். அதற்கு மேல் எவனும் பேச மாட்டான் என்பார். ஒருமுறை தொப்பி போட்ட ஒருவர் கேட்டபோது நான் மறந்துபோய் நல்ல வண்டிங்க என்று ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் என் காலை மிதித்தார். அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு தப்பையும் எழுதிவிடுகிறேன். வெள்ளக்கடைப் பக்கம் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடுகிற நர்ஸ் அம்மா ஒருவர் இந்த வண்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். அவர் வெளியாளா உள்ளாளா என்று நான் யோசிக்கவில்லை. பாடம் மாதிரி ஒப்பித்தேன். நல்ல வேளை சொன்னீங்கண்ணா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இன்னும் ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

போன மாசிக்குப் பிறகு நம் வண்டியில் முன் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற பெட்டி உடைந்தது. சேலத்தில் கழற்றிப் பார்த்த மெக்கானிக் உள்ளே பல்லெல்லாம் போய்விட்டது என்றார். புதுசு வருவதில்லை. பழசுக்கு அவருக்குத் தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டும் கிடைக்கவில்லை. வெயில் காலத்தில் பின் சக்கரம் மட்டும் போதும், ஓட்டிவிடலாம். ஜூன் மழைக்கு முடியாது. உங்கள் அம்மா அப்போதே ஹாஸ்டல் என்றாள். நீங்கள் இருவரும் அழுதீர்கள். நான் உங்கள் தலையில் கை வைத்து, இந்த வருஷமும் வீட்டிலிருந்துதான் போவீர்கள் என்று சொன்னேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஒரு எஸ்டேட் ஷெட்டில் இதே வண்டி, பச்சை நிறம், ஓடாமல் நிற்கிறது, விற்றுவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த எஸ்டேட் மோட்டார் வேலை எல்லாம் அண்ணன்தான் பார்க்கிறார். எனக்கு மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. நீங்க போறப்ப கீழ குனிஞ்சு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கண்ணா என்று அவரிடம் சொன்னேன். இதற்கெல்லாம் சொல்லணுமா தம்பி என்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்தார். பெரியவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் உள்ளே போகும் வரைக்கும் காத்திருந்தார்.

"நொம்ப ஆசப்பட்டுட்டீங்க தம்பி, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. சேசிஸ் உள்ளுக்குள்ள அரிச்சுப் போச்சுங்க. வெளிய பாத்தாத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினார். "புள்ளைங்கள வெச்சுட்டு அதுல போலாமுங்களா?"

நான் அவருக்கு நன்றி சொன்னேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். அவர் போன பிறகு உங்கள் அம்மா, நீங்களும் ஒருக்கா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்களேன் என்றாள். அண்ணன் பார்த்த பிறகு நான் போய்ப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துகிற மாதிரி என்று அவளைத் திட்டினேன். அவள் சொன்னதுதான் சரி.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் பூசைக்கு வரவில்லை. ரைட்டரும் நானும் மட்டும் டீ குடித்தோம். அவர் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சாதாரணமாக என் பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணன் ரெண்டாவது வண்டி ஓட்டப் போறாராமா. அந்தப் பச்சை வண்டி. சேசிஸ் புதுசாட்ட இருக்குதுன்னு எங்கிட்ட ஒரே பெரும."

எனக்கு அந்த நிமிஷம்தான் காதில் விழுந்தது. வீட்டில் உட்கார்ந்து அவர் என்னிடம் சொன்னது, நாங்கள் தொப்பிக்காரர்களுக்குச் சொல்வதுதான். வார்த்தை கூட மாறவில்லை. நடுவில் நிறுத்தின இடம்கூட அதேதான். அத்தனை தடவை நானும் சேர்ந்து சொன்ன பேச்சு, என்னிடமே சொன்னபோது எனக்குத் தெரியவில்லை. வண்டி போனதைவிட, என்னையும் அந்த வெளியாட்கள் வரிசையில் நிறுத்திவிட்டாரே என்பதுதான் நெஞ்சில் இடித்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தார். பச்சை வண்டியை வாங்கினீர்களாமே என்று கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. முதலில் டீ சொன்னார். பிறகு, ஸ்பேருக்காகத்தான் வாங்கினேன், நம் வண்டிகளுக்கு ஆகும் என்றார். அப்படியானால் அந்த ஒரு பெட்டியை மட்டும் எனக்குக் கொடுங்கள், மிச்சம் எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். உங்கள் முகம் ஞாபகம் வந்தது, கேட்டுவிட்டேன்.

"அது பிரிச்சாச்சு தம்பி. என் வண்டியிலயும் சத்தம் வந்துச்சு, அதுல மாட்டிட்டேன்."

"சேசிஸ் அரிச்சுப் போச்சுன்னு சொன்னீங்களேண்ணா."

அவர் கையில் இருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க ஒருக்கா வந்து குனிஞ்சு பாத்திருக்கலாமல்லோ. யாரு வேண்டாம்னாங்க?"

அவர் வரவழைத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் வந்திருக்கலாம்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பல நாள் யோசித்தேன். எனக்கு அந்த வண்டி தேவை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் ஆசை, விட்டுக் கொடுங்கள் தம்பி என்று கேட்டிருந்தால், கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும். பொய் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

உங்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிடைக்கவில்லை, ஹாஸ்டல்தான் என்று மட்டும் சொன்னேன். அப்பா சும்மாதான் சொன்னாரா என்று பெரியவள் அம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஞானத்தகப்பன் என்று நிற்க வைத்துவிட்டு, அவரைப் பற்றிச் சின்னவளிடம் எந்த வாயால் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஹாஸ்டலுக்குப் போகிற நாள் காலையில் மழை விட்டிருந்தது. பாதை முழுக்கச் சேறு. இரண்டு டிரங்குப் பெட்டி, இரண்டு மெத்தை, பக்கெட். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பைக்கை வாங்கி இரண்டு நடை போகலாம் என்று கயிறு தேடிக்கொண்டிருந்தேன். கீழே வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. பெரியவள் அம்மாவின் போனிலிருந்து பெரியப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு என்ன தெரியும்? கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

வந்தது பச்சை வண்டி. கழுவித் துடைத்து, புது சீட் கவர் போட்டு, சேறு தெறிக்க நம் வாசல் வரைக்கும் நாலு சக்கரமும் இழுத்துக்கொண்டு வந்தது. அதிலிருந்து ஒரு போல்ட்டும் யாரும் பிரிக்கவில்லை.

அவரும் என்னைப் பார்த்தார். நான் அந்த முன் சக்கரத்தைப் பார்த்ததையும் பார்த்தார். உங்கள் அம்மா உள்ளே போய்விட்டாள். நீங்கள் இருவரும் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்கள், சீட்டில் குதித்துக் குதித்துப் பார்த்தீர்கள். பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார்.

"ஏறுங்க தம்பி, மறுக்கா மழ வர்றதுக்குள்ள போயிரலாம்."

உங்களை இறங்கச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இறங்கச் சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த அழுகையோடு உங்களை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வர வேண்டும். முன்னால் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

செங்குத்தான அந்தக் கடைசி மேட்டில், போன வருஷம் டிராக்டர் சறுக்கி நின்ற இடத்தில், சின்ன கியரைப் போட்டார். வண்டி ஒருமுறை கூடத் திணறவில்லை. சின்னவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து அவர் தோளைப் பிடித்தாள்.

"பெரியப்பா, இது நல்ல வண்டிங்களா?"

மேடு முடிந்து தார் ரோட்டில் ஏறின பிறகுதான் அவர் சொன்னார்.

"நொம்ப நல்ல வண்டி சாமி. இதாட்ட இந்த மலையிலயே இல்ல."

அவர் உண்மையைத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹாஸ்டல் வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்ததும், நீங்கள் இருவரும் முதலில் அவரிடம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு தேங்க்ஸ் சொன்னீர்கள். நான் மெத்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் வண்டியில் எனக்காகக் காத்திருந்தார். பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.