கருப்பம்மாள் சனியைப் பார்த்த கதை

ஜெலாப்பாங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாளுக்கு ஏழரைச் சனி என்று ஒரு ஜோசியர் சொல்லிவிட்டுப் போனார். கோழிகள் செத்தன. ஆடு காணாமல் போனது. கோப்பெங் ஈயச் சுரங்கத்துக்குப் போன புருஷன் மாயாண்டி அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான்.

"புருஷன் போனாப் போறான். அது நல்ல ஆடு" என்பாள்.

1921இல் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து வேலையும் போயிற்று. பக்கத்து ஊரான புந்தோங்குக்கு வந்து தோசை சுட்டு வீடு வீடாக விற்றாள். அவளிடம் வாங்கியவர்களில் ஒருவர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரின் தொலைநோக்கியை ஏலத்தில் எடுத்திருந்தார். சனியையும் அதன் வளையத்தையும் அதில் பார்க்கலாம் என்று அவர் சொன்னதும் கருப்பம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏழு வருஷமா அவன்தான் என்னையப் பாக்குறான், கிராணியாரே. ஒரு நாளு நானும் அவனப் பாக்குறேன்."

ஏப்ரலில் ஒருநாள், பொழுது சாய்ந்து இருட்டியதும், நெற்றி நிறைய விபூதியுடன் வந்தாள். திட்ட வேண்டியதையெல்லாம் வழிநெடுகச் சொல்லிப் பார்த்திருந்தாள். குழாயில் கண்ணை வைத்தாள்.

"வளையத்தக் காணமே?"

அருளம்பலம் பதறிப்போய்ப் பார்த்தார். மஞ்சள் உருண்டை மட்டும் நின்றது. கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்திலிருந்த வியாழனின் பட்டைகளும் நான்கு நிலாக்களும் சரியாகவே தெரிந்தன. உள்ளே ஓடிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார்.

"வளையம் இருக்குது. சரியான மெல்லிசு. தோசையை விளிம்புப் பக்கமாப் பாத்தால் தெரியுமோ? பதினஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அப்பிடித்தான் நிக்குமாம்."

"அவன் நகையும் போச்சா? அவன எந்தச் சனி பிடிச்சிச்சு?"

அவளுக்குப் பரிதாபமாகிவிட்டது. ஒரு வசவும் வாயில் வரவில்லை. அருளம்பலமோ சனியின் மானத்தைக் காப்பாற்ற முனைந்தார். அது பூமியைவிட எழுநூறு மடங்கு பெரியது என்றார். ஆனால் பாரமில்லாத பொருள், தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்றும் சொல்லிவைத்தார்.

கருப்பம்மாள் நிமிர்ந்தாள்.

"மிதக்குமா? இந்தத் தக்கைக்கா நான் சனிக்கிழமை தவறாம நல்லெண்ணெய் ஊத்துனேன்?"

அடுத்த சனிக்கிழமை அந்த எண்ணெய் தோசைக்கல்லுக்குப் போனது. முறுகல் தோசைக்கு ஆள் கூடியது. வாங்கியவர்களிடமெல்லாம் சனி மிதக்கும் செய்தியையும் சேர்த்துக் கொடுத்தாள்.

மாட்டிக்கொண்டவர் அருளம்பலம்தான். சனிபகவானைத் தக்கையாக்கிவிட்டாரென்று கோயில் பூசாரி பழனியப்பன் சண்டைக்கே வந்துவிட்டார். அவரைப் பிடித்து வியாழன் முன்னால் உட்கார வைத்தார் அருளம்பலம். அது பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, அந்த வேகத்தில்தான் இடுப்பு பருத்திருக்கிறது என்று விளக்கினார்.

பூசாரி வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தொப்பையைத் தடவிக்கொண்டார்.

"நான் உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்கிறதே இல்லையே, ஐயா!"