ஜன்னலுக்கும் டம்பெல்லுக்கும் நடுவே

சர்க்கரை கூடிவிட்டதென்று டாக்டர் விரட்டியதால், நாற்பத்திரண்டு வயதில் போடியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாள் மாலை, எதைத் தொடுவதென்று தெரியாமல் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அங்கே என்னைவிட நிலைகொள்ளாமல் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், இடது தோளில் நீளமான தையல் தழும்பு. இருப்பதிலேயே சின்ன டம்பெல்லை அந்தக் கையால் பத்து முறை தூக்குவார். உடனே ஜன்னலுக்குப் போய், போடிமெட்டு மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கி வரும் ரோட்டைப் பார்ப்பார்.

நான் பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார்: “நான் ஓட்டுன ஜீப்பு கவுந்து தோளு போச்சுண்ணே. இப்ப ஏலத்தோட்டத்து வேலைக்கு என் வீட்டுக்காரி வேற ஆளு வண்டில போறா. அவ எறங்கி வர்ற வரைக்கும் இருப்பு கொள்ளல.”

“அவரு நல்லா ஓட்டுவாருல்ல?”

“என்னைய விட நல்லா ஓட்டுவான். கவுந்த அன்னிக்கு அவளும் என் வண்டிலதான் இருந்தா. கீறல்கூட இல்ல. ஆனா, இனிமே நீ ஓட்டுனா ஏற மாட்டேன்னுட்டா.”

“அப்புறம் எதுக்குண்ணே இந்தப் பாடு?”

“மொதல்ல கை தேறட்டும். அப்பறம் கேட்டுப் பாப்போம்” என்றபடி டம்பெல்லை எடுத்தார்.

இரண்டு மாதத்தில் அவர் வருவது நின்றுவிட்டது. மறுபடி ஸ்டியரிங் பிடித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த அம்மா ஏறினாரா என்பதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.