களவாண்ட நெஞ்சு

ஸ்டெதாஸ்கோப்பை மாமாவின் மார்பில் வைக்கக் குனிந்தபோது அவர் பனியனிலிருந்து ஏலக்காய் மணந்தது. டாக்டருக்குப் படிக்கும் நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். வீடே கூடி நிற்க, "எம் மருமக பாக்கட்டும்" என்று அவராகத்தான் சட்டையைக் கழற்றினார்.

அதே மணம். அப்போது எனக்கு ஒன்பது வயது. போடியில் அவருடைய ஏலக்காய்க் கடையில் ஒரு பொட்டலம் காணாமல்போனது. வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு நெஞ்சிலும் காதை வைத்துக் கேட்டார்.

"களவாண்ட நெஞ்சு தாறுமாறா அடிக்கும்."

என் நெஞ்சு அப்படித்தான் அடித்தது. கை நடுங்கியது, கண்ணும் பிதுங்கியிருந்தது.

"முழியப் பாரு. இவதான்."

புளிய விளாறு முறியும்வரை அடித்தார்.

பிறகு மதுரையில் ஒரு டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டு அதிகமாகச் சுரப்பதால்தான் இத்தனையும் என்றார். மாத்திரையில் நெஞ்சு அடங்கியது. செய்தி தெரிந்தும் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவர் நெஞ்சு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. குழாயைக் காதிலிருந்து எடுத்தேன்.

"தாறுமாறா அடிக்குது மாமா. என்னத்தக் களவாண்டீக?"

அவர் முகம் வெளுத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

உடனே மதுரைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதை, அத்தை தந்த காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் சொன்னேன்.