மூன்றாவது இலை

2002-ஆம் ஆண்டு, ஆனி மாதம் என்று நினைவு. அப்போது அரியலூரில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. அங்கே பார்த்து வைத்திருந்த மாடி வீட்டுக்காரர், நாய் கூடாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எங்களிடமோ ஜிம்மி இருந்தான், ஆறு வருடமாக வளர்த்த நாய். பாடாலூர் தாண்டி வயலில் வீடு கட்டியிருந்த தெரிந்தவர் ஒருவர், தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இவர் உடனே சரியென்று தலையாட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரியான கல்நெஞ்சக்காரர் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். முன்னால் நிற்பதுதான் ஜிம்மிக்கு வழக்கம். காது இரண்டும் காற்றில் பறக்க, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி நின்றுகொண்டு வந்தான். பெரம்பலூர் தாண்டியும் நான் வாயைத் திறக்கவில்லை.

பாடாலூர் வரும்போது மதியமாகிவிட்டது. ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிரே இருந்த புளியமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஜிம்மியை மரத்தில் கட்டிவிட்டு உள்ளே போனோம். பரிமாறுபவர், "எத்தன பேருங்க?" என்றார்.

"மூணு பேரு" என்றார் இவர்.

வீட்டில் எதற்கெடுத்தாலும் 'நாம மூணு பேரு' என்றே சொல்லிப் பழகிய வாய். அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது. நான் சுதாரிப்பதற்குள் மூன்று இலை விழுந்து, பொரியல், கூட்டு வைத்து, சோறும் போட்டாகிவிட்டது. "இன்னொருத்தரு எங்கம்மா? வரச் சொல்லுங்க, சோறு ஆறுதுல்ல" என்று பரிமாறுபவர் என்னை நச்சரிக்கிறார். இவரோ காலி இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் நானே மரத்தடியைக் கையால் காட்டினேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "நல்லாருக்கே கூத்து!" என்று முணுமுணுத்தார்.

"தெரியாம சொல்லிட்டேங்க, எடுத்துருங்க" என்றார் இவர். குரல் உடைந்திருந்தது.

கல்லாவில் இருந்த கடைக்காரர் எழுந்து வந்தார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் வெளியே ஜிம்மியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "போட்ட எலய எடுக்கக் கூடாதுங்க. யாருக்குப் போட்டமோ அவுங்க சாப்புட்டுத்தான் ஆவணும். உள்ள வேணாம், மரத்தடிக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இவர் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். மண்ணில் குந்தி உட்கார்ந்து, தயிர் கேட்டு வாங்கிப் பிசைந்து வைத்தார். ஜிம்மி பொரியலை ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தீர்த்தான். பரிமாறுபவர் வாளியோடு வெளியே வந்து, அவனிடமே, "மறுசோறு போடட்டுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால், இவர் கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே அவருடைய இலை தொடாமல் கிடந்தது.

"திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டேன். இரண்டு நாளில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

"போயி எங்கடி வச்சுக்குவோம்?" என்றார். நானே போய் ஜிம்மியின் கட்டை அவிழ்த்தேன்.

அந்த வயல் வீட்டில் ஜிம்மியை விட்டுவிட்டு வந்தோம். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான் என்று பிறகு போனில் சொன்னார்கள். லீவு கிடைக்கட்டும், போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். இரண்டாம் வருடம் அவன் செத்துப்போய்விட்டதாகத் தகவல் வந்தது.

இன்றைக்கும் ஹோட்டலில் எத்தனை பேர் என்று கேட்டால், இவர் கொஞ்சம் தயங்கித்தான் "ரெண்டு" என்கிறார். அப்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: நாங்கள் மூன்று பேராக இருந்த கடைசி இரண்டு நாளை என் வீம்பால் பேசாமலே கழித்துவிட்டேனே!