அண்ணன் தம்பிக்கு வைத்த சந்தனம்

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் செல்லப்பனைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள். கேமராவைத் தானே கழற்றித் தானே மாட்டித் தொழில் கற்றவர். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் வீடியோ எடுத்த ஜோடிகளை வரிசையாக நிறுத்தினால், செனாய் விமான நிலையம் வரைக்கும் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள்.

ஒருமுறை அவருடைய ஹார்ட் டிஸ்க் செத்து, ஒரு கோயில் திருவிழாவே காணாமல் போனது. அன்றிலிருந்து எடுத்ததையெல்லாம் இரண்டு டிஸ்க்கில் ஏற்றினார். ஒன்றின்மேல் அண்ணன், மற்றதன்மேல் தம்பி என்று மார்க்கரால் எழுதி வைத்தார்.

"படிச்சவன் ஒண்ணு வெச்சிருக்கான். படிக்காத நான் ரெண்டு வெச்சிருக்கேன்!" என்பார் மனைவி ராசம்மாவிடம்.

"சரிலா, சாப்பிட்ட தட்டைக் கழுவுங்க," என்பாள் அவள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கேமரா, விளக்கு, அண்ணன், தம்பி எல்லாவற்றையும் சாமி முன்னால் ஒரே தட்டில் அடுக்கினார். சோறு போடுகிற சாமானில் ஒன்றை விட்டாலும் குறைதானே! சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். மாவிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கித் தெளித்தார். தாராளமான கை.

மறுநாள் காலை அண்ணனைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிஸ்க்கின் விளக்கு எரியவில்லை. தம்பியை மாட்டினார். அதுவும் எரியவில்லை.

ஆவணியில் நடந்த கஸ்தூரியின் கல்யாணம் அந்த இரண்டில் மட்டும்தான் இருந்தது. ரெண்டு இருக்கே என்ற தைரியத்தில் மெமரி கார்டுகளை அழித்து வேறு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். கஸ்தூரியின் அப்பா மனோகரன் லாபிஸ் ஊரில் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மகள் கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீடியோ காட்டுவதாகப் பேச்சு.

போன் அடித்தது. கஸ்தூரி.

"அங்கள், ரெடியா? அப்பா இப்பவே டிவியைத் துடைச்சு வெக்கச் சொல்லிட்டாரு."

'செல்லப்பன் கையில குடுத்தது வீணாப் போகுமா?' என்ற வழக்கமான பேச்சு அன்று வரவில்லை.

"தப்பு பண்ணிட்டேம்மா. பூஜையில டிஸ்க் மேல தண்ணி தெளிச்சுட்டேன். ரெண்டும் போச்சு. கடைக்குக் கொண்டு போறேன். கண்டிப்பா கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."



"அப்பாகிட்ட நான் என்ன அங்கள் சொல்றது?"

போனை வைத்தார். ஈரத் துணியில் சுற்றிய மீனைப்போல இரண்டையும் ஏந்திக்கொண்டு, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கபீர் கடைக்கு ஓடினார்.

கபீர் டிஸ்க்கின் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தான். "அலமாக்! சந்தன வாசம் அடிக்குதே அங்கள். தொழிலுக்கு மரியாதை சரி, அதுக்குன்னு குளிப்பாட்டிட்டீங்களா?"

"கிண்டல் அப்புறம். உயிர் இருக்கா?"

"டப்பாவுல இருக்கிற சர்க்யூட் பலகை போச்சு. உள்ள டிஸ்க் தப்பிச்சிருக்கலாம்."

அண்ணனை வேறு டப்பாவில் மாட்டினான். அசைவில்லை. தம்பியை மாட்டினான். மெல்லிய உறுமல். விளக்கு எரிந்தது. திரையில் வரிசையாகப் பெயர்கள். அதில் கஸ்தூரி.

செல்லப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே தட்டுல வெச்சா அது ரெண்டு இல்ல அங்கள். ஒண்ணுதான்," என்றான் கபீர். யார் புத்தி சொன்னாலும் முறைக்கிற செல்லப்பன், அன்று தலையாட்டினார்.

ஞாயிறு அவரே லாபிஸுக்குப் போய் வீடியோவை ஓட்டினார். அப்பாவுக்கென்று மணவறைப் பக்கம் போட்ட காலி நாற்காலியின் முன்னால் கஸ்தூரி விழுந்து கும்பிட்டாள். கட்டிலில், பக்கவாதம் விட்டுவைத்த மனோகரனின் இடது கை மெல்ல எழுந்து, டிவியைப் பார்த்து ஆசீர்வாதம் செய்தது.

கிளம்பும்போது செல்லப்பன் பையிலிருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்தார்.

"எல்லாக் கல்யாணமும் இதுலயும் இருக்கு. இது தங்கச்சி. லாபிஸுக்குக் கட்டிக் குடுத்துட்டேன், உங்க அலமாரியிலயே இருக்கட்டும். பூஜை கீஜை கிடையாது. ஜொகூர்லயே ரெண்டு ஊர்ல டிஸ்க் வெச்சிருக்கிற கேமராக்காரன் வேற யாரு, சொல்லுங்க?"

"ஆரம்பிச்சுட்டாரு!" என்று சிரித்தாள் கஸ்தூரி.

மனோகரன் டிவியைக் காட்டினார். குழறலாக வந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"மறுபடி போடு."