நனைந்தவரெல்லாம் திருடர்

சித்திரை ஐந்து, செவ்வாய். வழக்கம்போல் காலையில் ஒல்லாந்தர் கிடங்கில் துணிப்பொதிகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். அன்று விடியலில் எவனோ துரையின் வெள்ளித் தட்டைத் திருடிக்கொண்டு ஏரியில் நீந்தித் தப்பியிருந்தான்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, காவல் தலைவர் கட்டி இழுத்து வந்தார். எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டைக்காரர். எதைச் சொன்னாலும் "ரெண்டும் ஒண்ணுதான்யா" என்று முடிப்பார்.

"திருடன் நனைஞ்சிருப்பான். இவ நனைஞ்சிருக்கா. இவதான். நாளைக்குக் காலையில கசையடி" என்றார்.

"திருடன் நனைஞ்சிருப்பான்னா, நனையாதவன் திருடன் இல்ல. அது ஒரே பேச்சு. நனைஞ்சவங்க எல்லாம் திருடன்னா, அது வேற பேச்சுங்க" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

அந்தப் பெண் அவரை முறைத்தாள். "இன்னா நைனா, உன் முதுகும் ஈரமாத்தான் கீது. நீயும் திருடனா?"

"இது வேர்வைடீ! தண்ணி வேற, வேர்வை வேற!"

அந்த மனிதருக்கு வேற்றுமையே தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது, தன் முதுகுக்கு மட்டும்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் அவள் ஊரான கோட்டைக்குப்பத்து ஆட்களோடு ஏரியில் இறங்கி முங்கினேன். சொட்டச் சொட்ட எல்லோரும் காவல் வாசலில் போய் நின்று, எங்களையும் அடிக்கச் சொன்னோம்.